பாட்டின் நடுவே ஒரு சீட்டி

சாயங்காலம் தொடங்குகிற நிகழ்ச்சிக்கு மத்தியானச் சாப்பாடு செரிக்கும் முன்பே போய் நின்ற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். தனியாகவும் போகவில்லை, என் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போயிருந்தேன். சிங்காநல்லூரில் எப்போதோ மூடிப்போன ஒரு நூல்மில்லின் கிடங்கு அது. இப்போது வெள்ளையடித்து, கூரைத் தகரத்தை மாற்றி, வளைகாப்பிலிருந்து நாய்க் கண்காட்சி வரைக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். கேட் பூட்டிக் கிடந்தது. உள்ளே யாரோ மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டொப் டொப் என்று கேட்டது. அந்த மாதிரிச் சத்தமெல்லாம் எனக்கு நன்றாகவே கேட்கும்.

"இதுக்குத்தான் அம்மிணி சொன்னேன், அடுத்த பஸ்ஸுக்கு வந்தாப் போதும்னு!" என்றார் அவர். எதிரே பேக்கரி வாசலில் டீ கிளாஸோடு நின்று, ரோட்டைத் தாண்டிச் சொன்னார். நடுவில் போன ஸ்கூட்டர்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் கேட்டுக்கும் பேக்கரிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். எனக்கு உட்காரத் தெரியாது. கல்யாணப் பந்தியில் ரசம் வருவதற்குள் எழுந்துவிடுவேன் என்று எங்கள் சொந்தத்தில் ஒரு கேலி உண்டு. அன்றைக்கு அந்தக் குணம் தலைக்கு மேல் போயிருந்தது. கைப்பையைத் திறந்து டிக்கெட் இருக்கிற போனைப் பார்ப்பதும் மூடுவதும், வாட்ச்மேனிடம் "எப்பங்க தொறப்பீங்க?" என்று கேட்பதும், அவர் "நேரமாகுமுங்க" என்பதும், நான் மறுபடி கேட்பதுமாக இருந்தேன். கடைசியில் அவர் நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் பார்க்க வந்தது கோயமுத்தூர்க்காரர்கள் நான்கு பேரை. சினிமாப் பாட்டெல்லாம் பாட மாட்டார்கள், தாங்களே எழுதித் தாங்களே பாடுவார்கள். இண்டி ராக் என்று அதற்குப் பேர். பல்லடத்தில் என்னைத் தவிர இன்னும் பத்துப் பேர் கேட்டிருந்தால் ஆச்சரியம். ஒருநாள் போனில் ஏதோ பாட்டு முடிந்து, அதுபாட்டுக்கு அடுத்த பாட்டு என்று இவர்களுடையதைப் போட்டுவிட்டது. நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் நல்லா இருக்கீங்களா என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் நடையைக் கட்டிவிடுகிற ஓர் ஊரைப் பற்றிய பாட்டு. அட, நம்ம ஊர்தானே என்று காதைக் கொடுத்தேன். டிரம்மும் கித்தாரும் ஏறி ஏறி, அடிதடி மாதிரி போய், பாதியில் எல்லாம் பட்டென்று நின்றுவிடும். அந்த மௌனத்தில் ஒரு சீட்டி வரும். டிரம் அடிக்கிற பெண் குச்சியைக் கீழே வைத்துவிட்டு அடிக்கிற விசில் அது. மெல்லிசாக ஆரம்பித்து மேலே மேலே ஏறி, உச்சியில் சும்மா கொஞ்ச நேரம் நின்று, அப்புறம் இறங்கும். அவ்வளவுதான். சின்ன வயதில் சீட்டி அடித்ததற்காக என் அம்மாவிடம் எத்தனை அடி வாங்கியிருக்கிறேன்! மேடையேறி ஒருத்தி அடிக்கிறாள், அதையும் பாட்டு என்று சேர்த்திருக்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

அதற்கப்புறம் அந்தச் சீட்டி எனக்குப் பழக்கமாகிவிட்டது. சிலருக்கு டீ, எனக்கு இது. எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே தறிக்குடோன், எல்லாம் கூலிக்கு ஓடுகிற விசைத்தறி. வெளியே நூல் எடுக்கிறது, துணி கொண்டுபோய்ப் போடுகிறது எல்லாம் அவர் வேலை. உள்ளே நிற்கிறது நான். கல்யாணமாகி வந்த வாரத்திலிருந்து நிற்கிறேன். தறி ஓடும்போது பக்கத்தில் இடியே விழுந்தாலும் தெரியாது. அதனால் கரண்ட் போனால் உடனே போனை எடுத்து அந்தப் பாட்டைப் போடுவேன். ஊரெல்லாம் கரண்ட்காரனைத் திட்டிக்கொண்டிருக்கும்போது, நான் மட்டும் சுவரில் சாய்ந்து விசில் கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன வருஷம் ஒருநாள் அந்தச் சீட்டியைக் காணோம்.

பாட்டு இருக்கிறது, மௌனம் இருக்கிறது, விசில் இல்லை. முதலில் இயர்போனைச் சந்தேகப்பட்டேன். பஸ் ஸ்டாண்டு கடையில் புதுசு வாங்கினேன். அதிலும் இல்லை. கடைக்காரரிடம் போய், டூப்ளிகேட் கொடுத்துவிட்டீர்கள் என்று சண்டை போட்டேன். அவர் பாவம், வேறொன்று கொடுத்தார். அதிலும் இல்லை. சரி, பாட்டையே மாற்றிவிட்டார்கள், நல்லதை எடுத்துவிடுவதுதானே இவர்களுக்கு வேலை என்று அந்தக் குழுவையே திட்டித் தீர்த்தேன். கடைசியில் என் வீட்டுக்காரர் இயர்போனின் ஒரு பக்கத்தை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார்.

"கேக்குதே அம்மிணி. ஆரோ சீட்டி அடிக்கறாங்களே."

அவர் முகத்தையே பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கோயமுத்தூரில் காது டாக்டரிடம் போனோம். கண்ணாடிச் சன்னல் வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். வெளியே ஒரு சின்னப் பெண் இருந்து சத்தம் அனுப்பும். கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா என்னால்? இந்நேரம் ஒன்று வந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு அமுக்கினேன். மறுபடி கணக்கு, மறுபடி அமுக்கு. பரீட்சையில் பாஸாகிவிட்ட மாதிரி ஒரு நிம்மதி. அந்தப் பெண் கதவைத் திறந்து, "அக்கா, இப்ப நான் சத்தமே குடுக்கலீங்க" என்றாள்.

தறிச் சத்தம் முதலில் விசில், கீச்சு மாதிரியான மேல் சத்தத்தைத்தான் தின்னுமாம். கீழ் சத்தம் எல்லாம் இருக்கிறது, மேலே இருப்பது போய்விட்டது என்று ஒரு படம் போட்டுக் காட்டினாள். கோடு ஒழுங்காக வந்து, ஓர் இடத்தில் கிணற்றில் விழுகிற மாதிரி விழுந்தது. நான் குக்கருக்கு முன்னால் நின்று மூடியையே பார்த்துக்கொண்டிருப்பது எதனால் என்று அப்போதுதான் புரிந்தது. போனது திரும்ப வருமா என்று கேட்டேன். "வராதுங்க்கா. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். மெஷின் வெச்சுக்கலாம், பேச்சு நல்லாக் கேக்கும்" என்றாள். சீட்டி கேட்குமா என்று கேட்டேன். யாருடைய சீட்டி என்பது போலப் பார்த்துவிட்டு, "பழைய மாதிரின்னு சொல்ல முடியாதுங்க்கா" என்றாள். இனிமேல் பெரிய சத்தம் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னார். தறிக்குடோனுக்குள் போகும்போது காதில் மாட்டிக்கொள்ள அடைப்பானும் கொடுத்தார்.

அந்த மாதம்தான் சிங்காநல்லூர் நிகழ்ச்சியின் அறிவிப்பு வந்தது. எனக்கு ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டது. போன் எத்தனை பெரிசு, உள்ளங்கை அளவு. அங்கே ஆளுயர ஸ்பீக்கர் வைப்பார்கள். அதில் வந்தால் கேட்காமல் எங்கே போகும்? ஒரே ஒரு தடவை, அந்தப் பெண் நேருக்கு நேர் நின்று அடிக்கிற சீட்டியை இருக்கிற காதால் கேட்டுவிட வேண்டும். அப்புறம் மெஷினோ என்னவோ. இவரிடம் சொன்னேன். டாக்டர் சொன்னதை அவர் எனக்கு எடுத்துச் சொன்னார். நான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே, "சரி, போலாம். ஆனா ஸ்பீக்கர்கிட்ட நிக்கப்படாது, சொல்லிப்போட்டேன்" என்றார்.

ஒருவழியாகக் கேட்டைத் திறந்தார்கள். உள்ளே நாற்காலியே இல்லை, நின்று பார்ப்பதுதான் வழக்கமாம். எனக்கு அது வசதி. வந்தவர்கள் எல்லாம் காலேஜ் பிள்ளைகள், கறுப்பு பனியன்கள். நான் ஒருத்திதான் பூப்போட்ட பாலியஸ்டர் சேலையில் நின்றேன். குழு மேடையேறியதும் கத்தினார்கள் பாருங்கள்! டிரம்மின் முதல் அடி வயிற்றில் வந்து விழுந்தது. நான் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்தேன். நாலு ஆள் தள்ளி, ஸ்பீக்கருக்கு நேராகப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் சுவரோரமாக நின்ற இவர் கையைத் தூக்கி, 'இக்கட்ட வா' என்று தன் பக்கம் காட்டினார்.

தறிக்குடோனில் பாதிப் பேச்சு கையாலேயே நடக்கும். இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் நூல் அந்துவிட்டது. கட்டைவிரலை உதட்டில் வைத்தால் டீ. உள்ளங்கையைக் கவிழ்த்தால் தறியை நிறுத்து. காதைத் தொட்டுப் புருவத்தைத் தூக்கினால் கேட்டதா. மீதியெல்லாம் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வோம். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் ஒருவர் காதுக்குள் ஒருவர் கத்திக்கொண்டு, "என்ன? என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் கூட்டத்தைத் தாண்டி நிம்மதியாகச் சண்டை போட்டோம். வரமாட்டேன் என்றேன். காது போய்விடும் என்றார். போனால் போகட்டும் என்றேன். இதைப் பார்த்த ஒரு காலேஜ் பெண், எங்களுக்கு வாய் பேச வராது என்று நினைத்து, என் கையைப் பிடித்து ஜாடையாலேயே முன்னால் இடம் காட்டினாள். "எனக்கு வாயெல்லாம் நல்லாத்தான் இருக்குது கண்ணு" என்றேன். அவள் துள்ளிவிட்டாள்.

நாலைந்து பாட்டுக்கு அப்புறம் அந்தப் பாட்டு ஆரம்பித்தது. விளக்கையெல்லாம் மங்கலாக்கினார்கள். இவருக்கும் அது எந்தப் பாட்டு என்று தெரியும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, எனக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்றுகொண்டார். முதல் சரணம் போனது. இரண்டாவது போனது. சத்தம் ஏறிக்கொண்டே இருக்கிறது. இதோ நிற்கப் போகிறது, இதோ.

இவர் என் பக்கம் குனிந்து என்னவோ சொல்ல ஆரம்பித்தார். இருட்டில் கையைக் காட்டினால் தெரியாது என்று வாயால் சொன்னார். எங்கள் ஊரில் கரண்ட் போகிற நிமிஷத்தில்தான் குடும்ப ரகசியமெல்லாம் வெளியே வரும். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு, தறி நின்றதும் குரலைக் குறைக்கத் தோன்றாது. இவருக்கோ என்னிடம் பேசிப் பேசியே தறிக்குடோனுக்கு வெளியிலும் அந்தக் குரல்தான். பாட்டு பட்டென்று நின்றது. இவர் நிற்கவில்லை.

"ஊட்டுல மோட்டாரை நிறுத்துனயா அம்மிணி?"

கிடங்கு முழுக்கக் கேட்டது. அப்புறம் அத்தனை பேரும் சிரித்தார்கள். பாடுகிறவர் மைக்கைப் பிடித்து, "அண்ணா, மோட்டார் நின்னுருச்சுங்களாண்ணா?" என்றார். எனக்கு வந்த கோபத்தில், "நிறுத்திப்போட்டுத்தானுங்க வந்தேன்!" என்று நானும் அதே குரலில் கத்திவிட்டேன். சிரிப்பு இன்னும் பெரிசானது. டிரம் பெண் எழுந்து சீட்டி அடிக்க உதட்டைக் குவித்தாள். சிரித்துக்கொண்டே எப்படிக் குவிப்பது? பல் தெரிந்துவிட்டது. கையை ஆட்டி, முடியாது என்று மேளத்தின் மேலேயே சாய்ந்துகொண்டாள்.

இவரைக் கொன்றுபோடலாம் போல இருந்தது. எத்தனை நாள் காத்திருந்து, எத்தனை சண்டை போட்டு, கடைசியில் ஒரு தண்ணீர் மோட்டாருக்காக! இருட்டிலும் அவர் முகம் தொங்கிப்போனது தெரிந்தது. ஆனால் பாடுகிறவர் நல்ல பிள்ளை. "சரி, தண்ணி நின்னுருச்சு. கொஞ்சம் முன்னாடி இருந்து போலாம்" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் சரணத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை கிடங்கே ஒத்துழைத்தது. அந்த இடம் வரப்போகிறது என்று ஒருவரை ஒருவர் கையமர்த்திக்கொண்டார்கள். இவர் தன் வாயைத் தானே உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

பாட்டு நின்றது. அந்தப் பெண் எழுந்து மைக் பக்கம் சாய்ந்து உதட்டைக் குவித்தாள்.

நான் காத்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன். மூச்சு இழுக்கிறாள், இதோ இப்போது என்று நினைத்தேன். அப்புறம்தான் எனக்குப் பக்கத்தில் நின்ற அந்தக் காலேஜ் பெண்ணைப் பார்த்தேன். அவள் முகவாய் மெல்ல மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. கண்ணை மூடியிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவனும் அப்படியே. சுற்றிலும் எல்லாரும் ஒன்றாக எதையோ நிமிர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்டது மேலே சுற்றுகிற பெரிய மின்விசிறி, யாரோ ஒருவரின் இருமல், என் காதுக்குள் எப்போதும் இருக்கிற இரைச்சல். தறிக்குடோனில் பிழைத்தவளுக்கு உதட்டைப் பார்த்தால் எந்தப் பேச்சும் புரியும். சீட்டி அடிக்கிற உதட்டில் படிப்பதற்கு ஒன்றுமே இல்லை. அது குவிந்தது குவிந்தபடி இருந்தது.

முதல் தடவை கேட்காமல் போனதற்கு இவரைத் திட்ட முடிந்தது. இரண்டாம் தடவைக்கு யாரையும் திட்ட வழியில்லை. அத்தனை பேரும் எனக்காக வாயை மூடிக்கொண்டு நின்றார்கள், பாவிகள்.

டிரம் மறுபடி விழுந்தது, விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. கூட்டம் குதித்தது. இவர் என்னைத் திருப்பி, காதைத் தொட்டுப் புருவத்தைத் தூக்கினார். கேட்டதா? நானும் காதைத் தொட்டுத் தலையை ஆட்டினேன். கேட்டது. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. மோட்டார் பாவம் தீர்ந்துவிட்டது என்று நினைத்திருப்பார். அதற்கப்புறம் பாடிய பாட்டெல்லாம் நல்ல பாட்டு என்றார்கள். எனக்கு ஒன்றும் நினைவில்லை. எப்போது வெளியே போவோம் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்தோம். திருச்சி ரோட்டில் அந்த நேரத்துக்கு உள்ள நெரிசல். நான் முன்னால் போய்க்கொண்டே இருந்தேன், இவர் பின்னால் ஓட்டமும் நடையுமாக, "என்ன சீட்டி அம்மிணி அது! அந்தப் புள்ள அப்படியே மேல போயி நிக்குது பாரு! நானே ஒரு நிமிசம்..." என்று சொல்லிக்கொண்டு வந்தார். எனக்காகத்தான் வந்தார், எனக்காகத்தான் சந்தோஷப்பட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பல்லடம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. படியில் காலை வைத்தவள் இறங்கிவிட்டேன்.

"எனக்குக் கேக்கலீங்க."

"என்னது?"

"சீட்டி எனக்குக் கேக்கலீங்க. ஒண்ணுமே கேக்கலை. நான் சும்மா தலையாட்டுனேன்."

ஆறுதல் சொல்லியிருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன். கண்டக்டர், "ஏனுங்க, ஏறுறீங்களா இல்லீங்களா?" என்றார். இவர் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பஸ் போய்விட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அழக்கூடாது என்று பழக்கடையில் தொங்கிய வாழைத்தாரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சித்த இக்கட்ட வா" என்று என் முழங்கையைப் பிடித்துத் தூணோரமாகக் கூட்டிக்கொண்டு போனார். தொண்டையைச் செருமினார். அங்குமிங்கும் பார்த்தார். அப்புறம் வாயை மூடிக்கொண்டு, மூக்காலும் நெஞ்சாலுமாக, ம் ம் ம் என்று அந்தச் சீட்டியை முனக ஆரம்பித்தார். எத்தனையோ வருஷக் குடித்தனத்தில் இவர் ஒரு வரி பாடி நான் கேட்டதில்லை. முனகினாலும் தறிக்குரல்தான். பூ வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள். மூட்டை மேல் படுத்திருந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். மானம் போகிறது, நிறுத்துங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை.

தாளம் தப்பு. இரண்டு இடத்தில் வேறு எதற்கோ போய்விட்டுத் திரும்பி வந்தார். சீட்டி மேலே ஏறுகிற இடம் வந்ததும் கழுத்து நரம்பு புடைக்க முயற்சி செய்தார். குரல் எட்டவில்லை, கீழேயே நின்றுவிட்டது. அதனால் எனக்கு முழுசாகக் கேட்டது.

"இன்னொரு வாட்டிங்க" என்றேன்.